கடதாசிக் கவசமும் முடியும் (வன்னிப் பெருநிலப்பரப்பு)

கடதாசிக் கவசம் என்பது கடதாசியையோ மட்டையையோ பசையிட்டு அடுக்கி, உலர்த்தி, மேற்பூச்சுக் கொடுத்து, உலோகத்தால் ஆனது போலத் தோன்றுமாறு செய்யப்படும் மேடை அணியாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலப்பரப்பில் கூத்து, வரலாற்று நாடகம், கத்தோலிக்கரின் திருப்பாடுகளின் காட்சி, பாடசாலை விழா ஆகிய நான்கு களங்களில் இது பயன்பட்டு வருகிறது. அரச பாத்திரத்தின் தலையணியான முடி, போர்வீரன் தலையைக் காக்கும் தலைச்சீரா, மார்புக்கவசம், தோளின் இருபுறமும் விரிந்து நிற்கும் புஜகீர்த்தி, முன்கையைச் சுற்றிக் கட்டும் கைக்கட்டு என்பன இதன் முதன்மையான உறுப்புகள். கடதாசி எளிதில் கிழியும் பொருளாயினும், இரவு முழுவதும் ஆடுபவனின் வியர்வையையும் குதிப்பையும் தாங்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்து அணியத்தக்க உறுதியை அது பெறுவது பசையாலும் அடுக்காலும் உலர்த்தலாலும் பூச்சாலுமே ஆகும். ஆகவே இக்கலையின் வரலாறு பெரும்பாலும் இந்நான்கின் வரலாறாகவே அமைகிறது.

கடதாசியாற் கவசம் செய்யும் வழக்கம் மேடையில் தோன்றியதன்று. சீனாவில் தாங் வம்சத்தின் பிற்காலமான 9ஆம் நூற்றாண்டில், சூ ஷாங் என்னும் ஆளுநர் மடித்தடுக்கிய கடதாசியாற் கவசம் செய்வித்துத் தம் வீரருக்கு அணிவித்தாரென்றும், வலிய அம்பும் அதனைத் துளைக்கவில்லையென்றும் அவ்வம்ச வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. சொங் வம்ச ஆட்சியில், 1040ஆம் ஆண்டு, ஷான்ஷிப் பகுதிக் காவலரண்களின் வில்லாளருக்காக 30,000 கடதாசிக் கவசங்கள் செய்யுமாறு அரசாணை பிறந்தது. யப்பானியரோ இரும்புத் தலைச்சீராவின் மேல் கடதாசிக் கூழால் விலங்கு, சிப்பி, மலர் முதலிய உருவங்களை எழுப்பி, அரக்குப் பூசி இறுக்கினர். போர்க்களத்தில் உயிர் காத்த இந்தப் பொருளையும் மேடையில் அரசன் அணியும் முடியையும் ஒரே தொழில்நுட்பம் இணைக்கிறது என்பது வேடிக்கைப் பொருளாக இதனைக் கருதுவோர் அறியவேண்டிய செய்தியாகும்.

தமிழில் உடற்கவசத்திற்குப் பதிற்றுப்பத்துக் காலத்திலேயே மெய்ம்மறை என்னும் சொல் வழங்கிற்று. ஆனால் மரபுவழி ஆட்டங்களில் அணியப்பெற்ற மேடைக் கவசம் நெடுங்காலம் மரத்தையே நம்பியிருந்தது. தமிழ்நாட்டின் வடபகுதித் தெருக்கூத்தில் கட்டைகள் எனப்படும் முடி, மார்பணி, புஜகீர்த்தி ஆகியன கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பட்டுக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பெற்றன. ஈழத்தில் முள்முருக்கு என வழங்கும் அம்மரம் பஞ்சுபோல் இலேசானது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலும் அரச பாத்திரங்கள் கரப்புடுப்பு எனப்படும் வளையமிட்ட விரிந்த உடுப்பையும் பாரமான முடியையும் அணிந்தே ஆடினர். மரத்தைக் குடைந்து மெலிதாக்கத் தச்சனின் கைத்திறன் வேண்டும். கடதாசிக்கோ மாப்பசையும் பொறுமையும் போதும். கடதாசி மலிந்ததும் ஊர்ப் பாடசாலை ஆசிரியரும் ஆடுபவரின் வீட்டாரும் தாமே முடி செய்யத் தொடங்கியதற்கு இதுவே முதற்காரணம்.

கடதாசி மலிவானது 20ஆம் நூற்றாண்டிலேயே. பத்திரிகையும் பாடசாலைப் பயிற்சிப் புத்தகமும் வன்னியின் குளத்தடி ஊர்களை எட்டிய பிறகே பழைய தாள் என்று ஒன்று வீடுகளிற் சேரலாயிற்று. 1950களில் வாழைச்சேனையில் அமைந்த அரச கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. நெல் விளையும் நாட்டின் வைக்கோல் தாளாகி, அத்தாள் மாப்பசையிற் குளித்து முடியாகும் இந்த வழி, காலபோக அறுவடைக்குப் பின்னரே கூத்தாடும் வன்னி மக்களின் வாழ்வோடு இயல்பாகவே பொருந்தியது.

வன்னியின் கூத்துகளில் முதன்மை பெறுவது முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தாகும். நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலோடும், அதற்கு முன்னர் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் நிகழும் சடங்குகளோடும் இம்மண்ணின் கண்ணகி வழிபாடு இணைந்திருப்பதால், இக்கூத்து ஊராரின் பக்தியிலும் பங்குகொள்கிறது. பாண்டியனின் முடி இங்கே முதன்மையான அணி. கண்ணகி கேட்கும் நியாயத்திற்கு முன் தாழவேண்டிய முடி அது என்பதால், அது பளிச்சென்று தெரியவேண்டியது கூத்தின் தேவையே. கிளிநொச்சிப் பகுதியில், இரணைமடுக் குளத்தை நம்பி உருவான குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் காத்தவராயன் கூத்தையும் இசைநாடகத்தையும் கொண்டுவந்தனர். இசைநாடகத்தின் உடுப்புகள் வெல்வெற்றுத் துணியும் சரிகையும் கொண்டவையாய்ப் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டமையால், அவ்வழியில் கடதாசி வேலை குறைவாகவே வளர்ந்தது.

வரலாற்று நாடகமே கவசம் என்னும் உறுப்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1803 ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேக்கின் படையிடம் தோற்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் கதை, முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணியின் நாடகத்தின் வழியாகவும் பாடசாலை மேடைகளின் வழியாகவும் வன்னியெங்கும் பரவிற்று. இம்மேடைகளில் வன்னியன் அணியும் மார்புக்கவசமும் முடியும் 1803ஆம் ஆண்டுக் காட்டுப் போரைக் காட்டிலும், 1959இல் வெளியான வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்தின் அரசவைக்கே நெருக்கமானவை. குளமும் காடும் சூழ்ந்த நாட்டின் தலைவன் எடை மிகுந்த கவசத்தோடு போரிட்டிருப்பான் என்று கொள்வது கடினமாயினும், பார்ப்போர் தம் வீரனுக்கு விரும்பிக் கொடுத்த மதிப்பை அந்தக் கடதாசிக் கவசம் தாங்கி நிற்கிறது.

பெரிய வெள்ளியையொட்டி நடைபெறும் திருப்பாடுகளின் காட்சியில் தேவைப்படுவது உரோமப் படைவீரரின் அணி. முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் இவ்வழக்கம் வேரூன்றியது. மன்னார் பேசாலையில் உருவச் சிலைகளைக் கொண்டு காட்டப்படும் உடக்குப்பாஸ் இதற்கு முந்திய வடிவமாகும். தலைச்சீரா என்னும் சொல்லே விவிலியத் தமிழின் வழியாகத்தான் இம்மக்களின் நாவில் நிலைத்தது. ஓர் அரசனுக்கு ஒரு முடி போதும். காட்சிக்கு வரும் படைவீரர் பலருக்கோ ஒரே அளவும் ஒரே தோற்றமும் கொண்ட பல தலைச்சீராக்கள் வேண்டும். ஆதலால் ஒரே அச்சின்மேல் மீண்டும் மீண்டும் ஒட்டியெடுக்கும் முறை இக்களத்தில் இன்றியமையாததாயிற்று.

அச்சு என்பது கடதாசியை ஒட்டுவதற்கு அடியில் வைக்கப்படும் உருவம். தலைச்சீராவிற்குக் கவிழ்த்த மண்சட்டியும், மார்புக்கவசத்திற்குக் களிமண்ணாற் பிடித்த மேடும் அச்சாகப் பயன்படும். காய்ந்தபின் கடதாசி அச்சோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க முதலில் சாம்பல் தூவப்படும் அல்லது ஈரத்தாள் பசையின்றி ஒரு வரி, அதாவது ஓர் அடுக்கு, போர்த்தப்படும். வங்காளத்தின் புருலியா மாவட்டத்துச் சரிதா ஊரில் சௌ நடனத்திற்கான முகமூடி செய்வோரும் களிமண் அச்சின்மேல் சாம்பல் தூவியே தாள் ஒட்டுகின்றனர். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் கடதாசிக் கூழின் வழிப்பட்டதே. தாள் கத்தரிக்கோலால் வெட்டப்படாமல் கையாற் கிழிக்கப்படவேண்டும் என்பது இவ்வேலையின் முதல் விதி. கிழிந்த ஓரத்தில் நார்கள் பிசிராக நீண்டு நிற்பதால் ஒரு துண்டு மற்றதனுள் கரைந்து மறைகிறது. வெட்டிய ஓரமோ வரம்புபோல் எழுந்து, பெயின்ற் பூசியபின் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பத்திரிகைத் தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகவும் மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகவும் கிழியும். நார்கள் ஒரு திசையிற் படிந்திருப்பதே இதற்குக் காரணம். இதனை நார்ப்போக்கு என்பர். ஒரு வரியை நெடுக்காகவும் அடுத்த வரியைக் குறுக்காகவும் ஒட்டினால் எத்திசை இழுப்பையும் ஏதேனுமொரு வரி தாங்கிக்கொள்ளும். தடிப்பு இருமடங்காகும்போது வளைவை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ எண்மடங்காகும் என்பது பொறியியற் கணக்கு. ஆகையால் நான்கு வரியோடு நிறுத்திய கவசம் தொய்ய, எட்டு வரி கண்ட கவசம் தட்டினால் ஓசையெழுப்புகிறது. விளிம்பே முதலில் மடியும் இடம். பனை ஈர்க்கையோ கட்டுக்கம்பியையோ விளிம்பில் வைத்து, ஈரத்தாளைக் கயிறுபோல் முறுக்கி அதன்மேற் சுற்றி, இரு பக்கமும் தாள் போர்த்தி மூடுவதால் அங்கு ஒரு வரப்பு உருவாகிறது. வயலுக்கு வரப்புப் போலவே, கவசத்தின் வடிவத்தைக் காப்பது அதுவே.

பசையில் கோதுமை மாவும் மரவள்ளி மாவும் பொதுவானவை. ஒரு பங்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து, ஏறத்தாழ ஐந்து பங்கு தண்ணீரில் காய்ச்சினால், மாப்பொருள் மணிகள் வீங்கி வெடித்து, கண்ணாடிபோன்ற கூழாகும். புளியங்கொட்டைப் பசை இதனினும் உறுதியானது. ஆனால் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைக்கும் உழைப்பை அது கேட்கும். மாப்பசை பூச்சிக்கும் உணவாதலால் சிறிதளவு துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று, சேர்க்கும் வழக்கம் புத்தகம் கட்டுவோரிடமும் உண்டு. அது நஞ்சாகையால் வெறுங்கையால் அளைவதும் சிறுவர் அணியும் தலைச்சீராவிற் சேர்ப்பதும் தவிர்க்கத்தக்கன. அண்மைக் காலத்தில் பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசை இவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அது பூச்சிக்கு எளிதில் இரையாவதில்லை; தண்ணீரையும் மாப்பசையினும் நன்றாகத் தாங்குகிறது.

இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை வெயிலிற் காயவைக்காது ஒரே நாளில் எட்டு வரியும் ஒட்டுவோரின் வேலை உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்து அழுகும். வன்னியின் பெருமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. பங்குனி சித்திரை வெயில் ஒரு பகலில் ஒரு வரியைச் சருகாக்கிவிடும். வைகாசிப் பொங்கலுக்கும் பெரிய வெள்ளிக்கும் முந்திய வாரங்கள் இவ்வேலைக்கு வாய்ப்பாக அமைந்தமை பயிர்ச் சுழற்சியும் சமய நாட்காட்டியும் தந்த பேறு. எனினும் கடும் வெயிலில் நேராக வைத்தால் வெளிவரி முந்திச் சுருங்கி முழு உருவும் முறுகுமாதலால், அச்சோடு சேர்த்து மரநிழலின் காற்றில் முதல் ஈரத்தை வாங்கவிட்டு, பின்னரே வெயிலுக்கு நகர்த்துவது நன்று.

காய்ந்த கடதாசி சொரசொரப்பானது. சோக்குத் தூளைப் பசையிற் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் அரத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசி மீண்டும் தேய்க்கும்போதுதான் தாளின் தன்மை மறைந்து தகட்டின் வழுவழுப்பு வருகிறது. இதே குழையலைக் கூம்பாகச் சுருட்டிய தாளில் நிறைத்துப் பிதுக்கினால் ஆணித்தலைகளும் கொடிவேலையும் புடைப்பாக எழும். சணல் நூலை ஒட்டிப் பூசியும் இதனைச் செய்வர். நிறத்தில் நேரடியாக வெள்ளிப் பெயின்ற் பூசுவது பொதுவான பிழை. முதலிற் கறுப்பைப் பூசிக் குழிகளில் அதனை விட்டு, மேடுகளில் மட்டும் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெள்ளியைத் தொட்டால் இரும்பின் பழமை வருகிறது. பென்சிற் கரியைத் தூளாக்கித் துணியால் உரசினாலும் அவ்வாறே. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய காலத்தில் மினுங்கற் கடதாசியும் கண்ணாடித் துண்டும் தேவைப்பட்டன. ஆட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் அவை ஒளியைப் பிடித்துத் தூரத்தில் இருப்பவருக்கும் முடியைக் காட்டின. மின்விளக்கின் கீழோ அதே மினுக்கம் கண்ணைக் கூசவைக்கிறது.

வெளியே வார்னிஷ் பூசி உள்ளே விட்டுவிடுதல் இன்னுமொரு குறை. தலைச்சீராவை அழிப்பது மழையைவிட அணிபவனின் வியர்வையே. நார்களுக்கிடையிலான பிணைப்பைத் தண்ணீர் தளர்த்துவதால், உட்புறமும் வார்னிஷ் கண்டு, அதன்மேல் துணிச்சும்மாடு ஒன்று தைத்து வைக்கப்படவேண்டும். பாரம் சுமப்போர் தலையில் வைக்கும் அதே சும்மாடு இங்கே முடியை நெற்றியிலிருந்து விலக்கிக் காற்றோட்டம் தருவதோடு, ஒரே முடியை வேறு வேறு தலைகளுக்குப் பொருத்தவும் உதவுகிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, உடுப்பும் இலேசாகவேண்டிய தேவை எழுந்தது. மட்டையும் கடதாசியும் அதற்கு ஈடுகொடுத்தன. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் சீமெந்தும் பற்றரியும் வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சான அக்காலத்தில், பழைய தாள் என்பதே அருமையான பொருளாயிற்று. 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின் வவுனியா மெனிக் பாம் முகாமில் அடைபட்ட மக்கள் வீட்டையும் உடைமையையும் விட்டே நடந்தனர். கூத்துப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் நிலை அன்று இருக்கவில்லை. அண்ணாவியார் எனப்படும் கூத்தாசிரியரின் நினைவிற் பாட்டு எஞ்சலாம். முடியின் அளவும் மடிப்பும் பொருளிலேயே தங்கியிருந்தமையால் பொருளோடு போயின. கூத்து ஆய்வுகள் பாட்டையும் தாளத்தையும் பதிந்த அளவுக்கு உடுப்பு வேலையைப் பதியாமை இவ்விழப்பைப் பெரிதாக்கியது.

இன்றைய உலகில் இக்கலை வேறொரு வழியால் புத்துயிர் பெற்றுள்ளது. 1980களில் யப்பானிய எழுத்தாளர் நொபுயுகி தக்காஹாஷி கொஸ்பிளே என்று பெயரிட்ட வேடப்புனைவுப் பொழுதுபோக்கில், பெப்பக்குரா என்னும் கணினி மென்பொருள் முப்பரிமாண உருவைத் தட்டையான தாள் துண்டுகளாகப் பிரித்துத் தருகிறது; தடித்த தாளை மடித்து ஒட்டிய கூட்டின்மேல் ரெசின் பூசி, உட்புறம் கண்ணாடிநார்ப் பாயைப் பதித்து, பட்டி வைத்துத் தேய்த்து முடிப்பர். கொழும்பில் 2015 தொடக்கம் நடைபெறும் லங்கா கொமிக் கொன் விழாவில் இத்தகைய வேடங்களைக் காணலாம். இதே ரெசினும் கண்ணாடிநாரும் முல்லைத்தீவுக் கடற்கரையில் பைபர் படகு பழுதுபார்ப்போரின் அன்றாடப் பொருட்கள் என்பது கவனிக்கத்தக்கது. கடினமாக்கியை அளவுக்கு மீறிச் சேர்த்தால் ரெசின் கொதித்து வெடிப்பது படகுக்காரருக்குத் தெரிந்த பாடம்; முதற்பூச்சைத் தடிப்பாகக் கொடுத்தால் மட்டை நனைந்து தொய்வது கவசம் செய்வோர் அறியவேண்டியது. மூடிய அறையில் இவ்வேலையைச் செய்யலாகாது. மூக்குக்கவசமும் கையுறையும் கட்டாயமானவை. பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி அலங்காரங்களிலோ றெஜிபோம் எனப்படும் நுரைப்பலகை கடதாசியின் இடத்தைப் பெருமளவு எடுத்துவிட்டது. அது விரைவில் வெட்டப்பட்டு ஒரே நாளில் முடிந்தாலும், நொறுங்கினால் ஒட்டிச் சீர்செய்ய இயலாதது.

கடதாசி முடியோ ஒவ்வோராண்டும் திருத்தப்படக்கூடியது. ஆட்டம் முடிந்ததும் நிலத்தில் வைத்தால் கறையான் ஏறுமாதலால், துணியிற் சுற்றி வளையிற் கட்டித் தொங்கவிடுவர். அடுத்த திருவிழாவுக்கு முன் இறக்கி, வெடித்த இடத்தில் இரண்டு வரி ஒட்டி, மீண்டும் பூசுவர். இவ்வாறு திருத்தித் திருத்தி வரும் முடி ஆண்டுதோறும் சிறிது பாரங்கூடிவருகிறது; சும்மாட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்வரியில் வார்னிஷுக்கு அடியில் மஞ்சளித்துக் கிடக்கும் பத்திரிகைத் துண்டின் திகதி அது எந்த ஆண்டில் எங்கே உடைந்தது என்பதைக் காட்டும்.