லாகூர்ச் சதி வழக்கும் முன்னிலை உரிமையும்

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மீதான விசாரணையின்போது நீதிமன்றத்தில் இருத்தல் வேண்டும் என்பது நீதியியலின் பழைய நெறி. தமக்கு எதிராகக் கூறப்படுவதைக் கேட்கவும் மறுக்கவும் அவருக்கு வாய்ப்பு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆயின், அவரே விசாரணையை நடக்கவிடாது தடுத்தால் அவ்வுரிமை என்னாகும்? இவ்வினாவிற்கு இந்திய வரலாறு தரும் கடுமையான சான்று, பகத்சிங் முதலியோர்மீது நடைபெற்ற லாகூர்ச் சதி வழக்காகும்.

காவல் அதிகாரி சாண்டர்ஸ் 1928 டிசம்பர் 17இல் லாகூரில் கொல்லப்பட்டார். 1929 ஜூலையில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் விசாரணை தொடங்கிய வேளையில், குற்றஞ்சாட்டப்பட்டோர் பலர் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டிருந்தனர். உடல் தளர்ந்த அவர்களை நீதிமன்றத்திற்குக் கொணர இயலாமையால் வழக்குத் தடைப்பட்டது. தம்மைத் தாமே வர இயலாதவராக்கிக் கொண்டவரை அவரின்றியே விசாரிக்க வழிசெய்யும் மசோதா ஒன்றை அரசு செப்டம்பரில் மத்தியச் சட்டமன்றத்தில் முன்வைத்தது. செப்டம்பர் 12, 14 ஆகிய நாள்களில் முகமது அலி ஜின்னா அதனை எதிர்த்து உரையாற்றினார். இடைப்பட்ட 13ஆம் நாள், 63 நாள் உண்ணாநோன்பிருந்த ஜதீந்திரநாத் தாஸ் சிறையில் உயிர்நீத்தார். மசோதா நிறைவேறவில்லை.

சட்டமன்றம் தர மறுத்ததை வைஸ்ராய் இர்வின் பிரபு 1930 மே 1இல் அவசரச் சட்டத்தின்வழி நிறைவேற்றிக்கொண்டார். மூன்று நீதிபதிகளைக் கொண்ட தனித் தீர்ப்பாயம் அமைந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் இல்லாமலே விசாரிக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. மே 12ஆம் நாள் அவர்கள் நீதிமன்றத்தில் முழக்கமிட்டுப் பாடினர். தலைமை நீதிபதி கோல்ட்ஸ்ட்ரீம் விலங்கிட ஆணையிட, காவலர் அவர்களைத் தாக்கினர். நீதிபதி ஆகா ஹைதர் அவ்வாணையில் தமக்குப் பங்கில்லை என எழுத்தில் பதிவு செய்தார். அதன்பின் அவர்கள் நீதிமன்றத்திற்கு வர மறுத்தனர். ஜூனில் தீர்ப்பாயம் மாற்றியமைக்கப்பட்டபோது கோல்ட்ஸ்ட்ரீமும் ஆகா ஹைதரும் அதில் இடம்பெறவில்லை. சாட்சியங்கள் பெரும்பாலும் குறுக்கு விசாரணையின்றியே பதிவாயின. அக்டோபர் 7இல் பகத்சிங், சுக்தேவ், ராஜகுரு மூவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1931 மார்ச் 23இல் அது நிறைவேற்றப்பட்டது.

அவர்கள் நீதிமன்றத்தை அரசியல் மேடையாகக் கருதினர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஒழுங்கைக் காக்கும் கடமை நீதிமன்றத்திற்கு உண்டு என்பதும் உண்மையே. எனவே, வெளியேற்றியது சரியா என்பதைவிட, வெளியேற்றிய பின் அவர்களுக்கு எஞ்சியது யாது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

பிற்காலச் சட்டங்கள் இதற்கு விடை தருகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் இல்லினாய் எதிர் ஆலன் வழக்கில், எச்சரித்த பின்னும் குழப்பம் விளைவிப்பவரை வெளியேற்றலாம் என்றது. ஆயினும், ஒழுங்காக நடக்க இசைந்தவுடன் அவர் தம் உரிமையை மீளப் பெறலாம் என்றும் கூறியது. இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, தொடர்ந்து இடையூறு செய்பவர் இல்லாமல் விசாரணை நடத்த இடமளித்தது. ஆனால், நீதிபதி காரணத்தைப் பதிவு செய்தல் வேண்டும். அவர் சார்பில் வழக்குரைஞர் இருத்தல் வேண்டும். பின்னர் அவரை மீண்டும் அழைக்கவும் இயலும். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது.

பதிவு செய்யப்பட்ட காரணம், சார்பில் பேசும் குரல், திரும்பி வரும் வழி ஆகிய மூன்றும் இருக்கும்வரை, ஒருவர் அவையில் இல்லாதபோதும் அவரது உரிமை அழிவதில்லை. லாகூரில் குற்றஞ்சாட்டப்பட்டோரின் இருக்கைகள் வெறுமையாயின. அவர்களுக்காகக் குறுக்கு வினா எழுப்பும் குரலும் அங்கு ஒலிக்கவில்லை. அவ்வழக்கின் குறை அதுவே என நாம் கருதுகிறோம்.