மணிமேகலையில் மந்திரமும் பாத்திரமும்

சோழநாட்டுப் பௌத்தம் மந்திரத்திற்கு அளித்த இடம் யாது? வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியை ஒழிக்கவும் மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்கள் அருளியதை மணிமேகலைக் காப்பியம் கூறும். இவற்றுள் இறுதியது ஓதுவார்தம் பசியையே தீர்ப்பது. அரசமாதேவி உணவின்றிச் சிறைவைத்தபோது மணிமேகலையைக் காத்தது அதுவே. பிறர் பசி தீர்க்க அமுதசுரபி வேண்டியிருந்தது. ஆதலின் மந்திரங்கொடுத்த காதையை அடுத்தே பாத்திரம்பெற்ற காதை அமைந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் அப்பாத்திரத்தின் பயனேயாம். 1856 முதல் நாகப்பட்டினத்திற் கிடைத்த பௌத்தப் படிமங்களுள் அருளுருவாகிய அவலோகிதேசுவரரும் உளர். பிறவுயிர் உய்யத் தன் வீடுபேற்றையும் தள்ளிவைப்பது போதிசத்துவ நெறி. அந்நெறிக்கு மந்திரம் கருவி. அருளே பயன் எனத் துணிகின்றோம்.