மறைக்க முடியாத கம்பி: மும்பையில் ஹாம் வானொலியும் ஆண்டெனாக் கோபுரமும்

வானொலி ஒலிபரப்பியை ஓர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். அதன் ஆண்டெனாவை அவ்வாறு பூட்டிவைக்க இயலாது. அது திறந்த வெளியில், முடிந்தவரை உயரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றாக வேண்டும். மும்பை ஹாம் வானொலியின் நூறாண்டு வரலாற்றை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வாசிக்க முடியும். உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி அலைபரப்பும் ஹாமை அரசும் அண்டை வீட்டாரும் காற்றும் சந்திக்கும் இடம் ஆண்டெனாதான். முதலிரு தரப்பிடமும் அனுமதி கேட்டுப் பெறலாம். மூன்றாவது தரப்பிடம் கணக்கு மட்டுமே செல்லும்.

இந்தியாவில் முதன்முதலில் ஹாம் உரிமம் பெற்றவர்களாக அறியப்படுவோர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும், ஆண்டு 1921. பம்பாய் ரேடியோ கிளப் 1923 ஜூனில் ஒலிபரப்பைத் தொடங்கியது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் உருவாகி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பலாயிற்று. வானொலி அரசுத் துறையாவதற்கு முன்பு ஆர்வலர்களின் கைவேலையாக இருந்த காலம் அது. 1933இன் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஹாம்கள் தம் ஒலிபரப்பிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும்படி ஆணையிடப்பட்டனர்.

இப்பின்னணியில்தான் 1942இன் காங்கிரஸ் ரேடியோவைக் காண வேண்டும். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, ஆகஸ்டு இறுதியிலிருந்து நவம்பர் 12 வரை, பம்பாயில் தலைமறைவாக இயங்கிய நிலையம் அது. உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்தினர். ஒலிபரப்பியை அமைத்துத் தந்தவர் ஹாமாக இருந்த நரிமன் பிரின்டர். அதன் அலைநீளம் 42.34 மீட்டர். இதை அதிர்வெண்ணாக மாற்றினால் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அதாவது, ஹாம்களுக்கென ஒதுக்கப்பட்டு, போர் காரணமாக இந்தியாவில் வாய்மூட வைக்கப்பட்டிருந்த 40 மீட்டர் அலைவரிசைக்குள்ளேயே அந்தக் குரல் ஒலித்தது.

அந்த அலைநீளத்துக்கு அரை அலை ஆண்டெனா கட்ட வேண்டுமானால் சுமார் 20 மீட்டர் கம்பி தேவை. அலையின் திசையை முகர்ந்து கண்டுபிடிக்கும் காவல்துறை வண்டிகள் தெருவில் திரியும் நகரில், அத்தகைய நிலையத்துக்கு இடம் தேடுவது எத்தகைய பணி என்பதை எண்ணிப் பார்க்கலாம். அஜித் வில்லா, லட்சுமி பவன், பாரேக் வாடி, பாரடைஸ் பங்களா என்று நிலையம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. இறுதியில் இடத்தைக் காட்டிக்கொடுத்தது கம்பியன்று, கைதான பிரின்டரே. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

விடுதலைக்குப் பின் கம்பியை ஒளிக்க வேண்டிய தேவை மறைந்தது. உயர்த்த வேண்டிய தேவை வந்தது. 1926இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதெத்சுகு யாகியும் ஷின்தாரோ உதாவும் உருவாக்கிய திசை ஆண்டெனா, ஆற்றலை ஒரே பக்கம் குவிக்கும். மும்பையிலிருந்து ஐரோப்பாவுக்கு அதை வடமேற்கே திருப்ப வேண்டும்; ஜப்பானுக்கு வடகிழக்கே. திருப்புவதற்கு ரொட்டேட்டர் எனப்படும் சுழற்றும் மோட்டார், அதைத் தாங்கக் கோபுரம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் வளர்ந்தன. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான யாகியின் ஒவ்வொரு குறுக்குக் கம்பியும் ஏறத்தாழ 10 மீட்டர் நீளம். அது தடையின்றிச் சுழல, சுற்றிலும் வெற்றிடம் வேண்டும்.

மும்பையில் அந்த வெற்றிடம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. மாட்டுங்காவின் பழைய அடுக்குமாடிகளில் மொட்டைமாடி உண்டு. ஆனால் பல பத்தாண்டு மழை குடித்த கைப்பிடிச் சுவரில் கோபுரத்தின் இழுவைக் கம்பியைக் கட்டுவது சுவரையே பெயர்த்தெடுக்கும். செம்பூரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் மொட்டைமாடி பொதுச்சொத்து. சங்கத்தின் இசைவின்றி ஆணி அறையவும் முடியாது. தாராவியில் ஒருவர் வீட்டின் கூரையை ஒட்டியே அடுத்தவர் கூரை. கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாரோ ஒருவரின் உறக்கத்தின்மேல் விழும். விமான நிலையத்தின் அருகமைவால் உயரக் கட்டுப்பாடு வேறு. எனவே தாராவியில் ஹாமுக்குப் பொருந்துவது எடை குறைந்த கம்பி ஆண்டெனாவே. கோபுரம் கட்டாதிருப்பதும் பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு முடிவுதான்.

காற்றின் கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதை 2024 மே 13 அன்று நகரம் கண்டது. செம்பூரை ஒட்டிய சேடா நகரில், பெட்ரோல் நிலையத்தின் மேல் சுமார் 120 அடிக்கு 120 அடி அளவில் நின்ற விளம்பரப் பலகை புழுதிப்புயலில் சரிந்து 17 பேர் இறந்தனர். மாநகராட்சி விதி அனுமதித்த அளவு 40 அடிக்கு 40 அடி. சரிவை ஆராய்ந்தவர்கள், 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கிவரும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனத்தினர். மணிக்கு 158 கி.மீ. காற்றைத் தாங்க வேண்டிய அமைப்பு 49 கி.மீ. வரைதான் தாங்கும் நிலையில் இருந்தது என்றும், அன்று வீசியது 87 கி.மீ. என்றும் அவ்வாய்வின் முடிவுகள் வெளியாயின.

158 என்பது தற்செயலான எண் அன்று. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பகுதி மும்பைக்குக் குறிக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 44 மீட்டர். அதுவே மணிக்கு 158 கி.மீ. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் வளரும். 49 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம். 87இல் 36 கிலோ. 158இல் 118 கிலோ. வேகம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டினால் சுமை பத்து மடங்கைத் தாண்டுகிறது.

ஹாமின் கோபுரத்துக்கும் இதே கணக்குத்தான். காற்றுக்கு அரைச் சதுர மீட்டர் பரப்பைக் காட்டும் ஆண்டெனாவை 10 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால், அந்த வேகத்தில் அதன்மேல் ஏறும் தள்ளுவிசை 59 கிலோ. அடித்தளத்தில் அது, ஒரு மீட்டர் நெம்புகோலின் நுனியில் 590 கிலோ தொங்குவதற்கு ஒப்பான புரட்டு விசையாகிறது. கோபுரத்தின் சொந்தப் பரப்பு இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. ஆகவே திட்டம் ஆண்டெனாவின் பரப்பிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். கையில் கிடைத்த குழாயிலிருந்து மேல்நோக்கி ஏறக் கூடாது. கட்டடத்தின் மேல் நிறுத்துவதானால் தளமும் தூண்களும் அச்சுமையைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கண்டு சொல்ல வேண்டும்.

ரொட்டேட்டரைக் கோபுர உச்சிக்கு வெளியே வைத்து அதன் தலையில் ஆண்டெனாவை நேரடியாக ஏற்றினால், சாய்க்கும் விசை முழுவதும் அதன் பற்சக்கரங்களின்மேல் இறங்கும். கோபுரத்தின் உள்ளே, தாழ்ந்த தட்டில் அதைப் பொருத்தி, உச்சியில் ஒரு தாங்கியின் வழியே குழாயை மேலே விட்டால், மோட்டார் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும். கம்பிவடத்துக்குச் சுழலும் அளவுக்குத் தளர்வு விட வேண்டும். மின்கம்பிகளிலிருந்து விலகல், கோபுரம் முழு நீளத்துக்குச் சாய்ந்தாலும் எட்டாத தொலைவாக இருக்க வேண்டும். இடிதாங்கியின் நிலத்தொடர்பு கட்டடத்தின் மின் நிலத்தொடர்போடு இணைந்திருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் நகரில் துத்தநாகம் பூசாத இரும்பு நிலைக்காது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தாக வேண்டும். பாதுகாப்புப் பட்டையின்றி யாரும் ஏறலாகாது. ஏறுபவர் தனியாக இருத்தலும், கீழே ஆட்கள் நிற்பதும் ஆகாது.

காலனிய அரசு கம்பியைப் பார்த்து எழுப்பிய கேள்வி, பேசுவது யார் என்பது. உரிமம், பறிமுதல், திசைகாணும் வண்டி ஆகிய யாவும் அக்கேள்வியின் கருவிகள். கம்பி சாய்ந்தால் கீழே இருப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்தச் சட்ட மரபில் அதே கவனம் கிடைக்கவில்லை. அக்கேள்விக்கு விடை எழுதும் பொறுப்பு இன்றும் பெரும்பாலும் கோபுரம் எழுப்புபவரையே சார்ந்திருக்கிறது. அலைபரப்பும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களின் நகரில், அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் அண்டை வீட்டாருக்குச் செலுத்த வேண்டிய கடன் அந்தக் காற்றுக் கணக்கு.