ஒரே காய்ச்சலுக்கு இரண்டு பரிசுகள்

1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ரொனால்ட் ராஸுக்குக் கிடைத்தது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டவர் அவர். ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசு அது. ஒரு கொசுவுக்கு ஓரணா என்று கானுக்குக் கூலி. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு, கொசுவே நோயைப் பரப்புகிறது என்று ராஸ் நிறுவினார். மனிதரிடம் அது அனாபிலஸ் கொசு வழியே பரவுவதை நிறுவிய இத்தாலியர் கிராஸிக்குப் பரிசில் பங்கில்லை. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

மலேரியாப் பணிக்கான டார்லிங் அறக்கட்டளைப் பரிசு பிறந்த கதை வேறு. சாமுவேல் டார்லிங் பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் அங்கே ஆய்வகத் தலைவர். இறந்த தொழிலாளர்களின் உடலைப் பரிசோதித்து, எதனால் செத்தார்கள் என்று கண்டறிவது அவர் வேலை. பிறகு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய ரத்தசோகைக்கு இவ்விரண்டு நோய்களும் முக்கியக் காரணங்கள். 1925இல், பன்னாட்டுச் சங்கத்தின் மலேரியாக் குழுவோடு சென்றபோது, பெய்ரூட் அருகே கார் விபத்தில் டார்லிங் இறந்தார். அவர் நினைவாகவே இந்தப் பரிசு. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் அதை வழங்கியது.

நோபல், கண்டறிந்த உண்மைக்குத் தரப்பட்டது. டார்லிங் பரிசோ அந்த உண்மையைக் காடுகளுக்கும் சேற்று நிலங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களையும் தேடிப் போனது. தொழிலாளர் நலம் என்று பார்த்தால், இரண்டாவதையே நான் மேலாக மதிக்கிறேன்.

டார்லிங் பரிசின் முதல் பதக்கம் 1932இல் எஸ்.பி. ஜேம்ஸுக்கு. லாகூர் அருகே மியான் மீரில் கொசு ஒழிப்பு முயற்சி பலிக்கவில்லை என்று சொல்லி, ராஸின் கோபத்துக்கு ஆளானவர்களில் அவரும் ஒருவர். அடுத்து நெதர்லாந்தின் ஸ்வெல்லென்கிரேபெல். எல்லாக் கொசுவையும் துரத்தாமல், அந்தந்த ஊரில் நோய் பரப்பும் இனம் எது, அது எங்கே முட்டையிடுகிறது என்று கண்டு அதை மட்டும் தடுக்கும் முறையை வளர்த்தவர். மலாயாவில் மருத்துவர் மால்கம் வாட்சன் கண்டதும் இதுதான். சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் நிழலில் வளரும் கொசு ஒழிந்தது. குன்றுப் பகுதியில் அப்படி வெட்டியபோதோ, வெயில் படும் ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. தோட்டத்துக் குடியிருப்புகளில் காய்ச்சலும் சாவும் கூடின. ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டும் எண்ணெய் தெளித்தும்தான் அதை அடக்கினார்கள்.

ராஸ் களத்தை மறந்தார் என்று பழி சொல்வதற்கில்லை. பரிசு பெற்ற அதே 1902இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவுக்குப் போய்க் கொசு ஒழிப்புக்கு வழி சொன்னவர் அவர். டார்லிங் பரிசும் ஆய்வகத்தை ஒதுக்கவில்லை: கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலில் பெருகுகிறது என்று காட்டிய ஷார்ட்டும் கார்ன்ஹாமும் 1951இல் அதைப் பெற்றார்கள். ராஸின் கண்டுபிடிப்பில் விடுபட்டிருந்த பகுதி அது.