எதிரணிக்கு உதிரிபாகம் கொடுக்கலாமா?

ஆட்டம் தொடங்க இன்னும் 10 நிமிடம். ரோபோவின் மோட்டார் பழுதாகிவிட்டது. கையில் மாற்று மோட்டாரும் இல்லை. என்ன செய்வது?

'ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ்' போட்டியில் பதில் எளிது: மற்ற அணிகளிடம் கேட்கலாம்!

அது என்ன போட்டி?

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரிய ரோபோக்களைச் செய்து மோதும் அனைத்துலகப் போட்டி. 1992இல் அமெரிக்காவில் தொடங்கியது.

எப்படிக் கேட்பது?

அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடத்துக்குப் பெயர் 'பிட்'. அங்குள்ள நிர்வாக மேசையில் சொன்னால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பெரும்பாலும் கைமாறுபவை:

- மோட்டார், சங்கிலி, பேரிங்
- 12 வோல்ட் பேட்டரி
- திருகாணி, கருவிகள்

"கொடுத்துட்டு நாமளே தோத்துட்டா?"

நியாயமான கேள்விதான். ஆனால், ஒவ்வோர் ஆட்டத்திலும் 3 அணிகள் கூட்டணியாகச் சேர்ந்து இன்னொரு 3 அணிகளைச் சந்திக்கும். தகுதிச் சுற்றில் கூட்டணி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இப்போதைய எதிரணி அடுத்த ஆட்டத்தில் நம் பக்கம் நிற்கலாம். அதன் ரோபோ ஓடாவிட்டால் நமக்கும் நட்டம்!

இறுதிக்கட்ட ஆட்டங்களில் அந்தக் கணக்கு இல்லை. எதிரணி கடைசிவரை எதிரணிதான். அப்போதும் உதவுவதைத்தான் பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ் வலியுறுத்திய 'கண்ணியமான தொழில்நெறி' எதிர்பார்க்கிறது. எதிரணியின் ரோபோ பழுதானதால் கிடைக்கும் வெற்றியில் என்ன சுவாரஸ்யம்?

கொடுக்குமுன்...

- பாகத்தில் உங்கள் அணி எண்ணை ஒட்டுங்கள்
- யார் வாங்கினார் என்று எழுதி வையுங்கள்
- திருப்பித் தரவேண்டுமா, வேண்டாமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்