தானமாக வந்த மாட்டின் பல்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரம். பத்தாண்டு மாணவர் சேர்க்கை, தேர்ச்சி விவரங்களைத் துறைவாரியாகப் பட்டியலிட்டு வைக்கவேண்டும் என்பது கட்டளை. தரவுகள் எல்லாம் கணினியில் இருந்தன. அலுவலகத்தார் பல ஆண்டுகள் பொறுமையாகத் தட்டச்சு செய்து சேர்த்தவை. இணையத்திலிருந்து இறக்கிய ஓர் அறிக்கை மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கொண்டு பட்டியலும் ஆயத்தமாயிற்று. குழு வருவதற்கு முந்தைய நாள் மாலை, அலுவலக உதவியாளர் கையில் ஒரு தாளுடன் துறைக்கு வந்தார். "ஐயா, திரையில எல்லாம் சரியாத்தான் தெரியுது. அச்செடுத்தா இப்படி வருது" என்றார். ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் சாய்வாக, பெரிய சாம்பல் நிற எழுத்துகளில், இது சோதனைப் பிரதி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் ஓடியது. கோப்பாக மாற்றிச் சேமிக்கும் வசதியோ விலைப் பதிப்பில் மட்டுமே உண்டாம். அன்றிரவு நாங்கள் நால்வர் திரையைப் பார்த்து எண்களைப் படிக்க, இருவர் வேறொரு கோப்பில் அவற்றை மீண்டும் தட்டச்சு செய்தனர். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை முடிந்தது.

'தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்பது நம் பழமொழி. அன்றிரவு யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் அது ஓடியிருக்கும். இலவசமாகப் பெற்றதைக் குறைசொல்ல நமக்கு நாணம். எனினும், அந்தப் பல்லை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லதென்றே தோன்றுகிறது. இலவசப் பதிப்புகளில் எதைக் கொடுத்தார்கள், எதை மறைத்தார்கள் என்பதற்கு அறுபதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இலக்கியம் பயின்றோருக்கும் அதில் சுவையான செய்திகள் இருக்கின்றன.

*

முதலில் எல்லாமே இலவசமாகத்தான் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1950களில் அமெரிக்க நிறுவனங்கள் கணினியை விலைக்கோ வாடகைக்கோ எடுத்தபோது, அதனுடன் நிரல்களும் தனிவிலையின்றி வந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணுவுலை வளாகத்தில், ஒவ்வோர் அறிக்கைக்கும் தனித்தனியே நிரல் எழுதும் தொல்லையைத் தவிர்க்க, பொதுவான ஓர் அறிக்கையாக்கியை உருவாக்கினர். ஐபிஎம் கணினி வைத்திருந்தோரின் 'ஷேர்' என்னும் கூட்டமைப்பு அதை வளர்த்தெடுத்து, '9பேக்' என்ற பெயரில் உறுப்பினர்களிடையே பகிர்ந்துகொண்டது. ஐபிஎம் 1959இல் 1401 கணினியை அறிவித்தபோது, துளையட்டை இயந்திரங்களில் பழகியவர்களுக்காக 'ஆர்பிஜி' என்னும் அறிக்கையாக்கும் மொழியையும் வெளியிட்டது. பெயரின் விரிவே 'அறிக்கை நிரலாக்கி' என்பதுதான்.

இலவசமென்றாலும் வரம்பு இல்லாமல் இல்லை. அந்த நிரல் அந்த நிறுவனத்தின் இயந்திரத்தில்தான் ஓடும். இயந்திரத்தின் விலையிலேயே நிரலின் விலையும் கரைந்திருந்தது. கிணற்றை விற்றவர் தண்ணீருக்குக் காசு கேட்கவில்லை என்று கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டை உடைத்த முதல் மென்பொருள்களுள் ஒன்று, அறிக்கை தயாரிக்கும் மென்பொருளே என்பது குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியாவின் இன்ஃபர்மாட்டிக்ஸ் நிறுவனம், ஜான் போஸ்ட்லியின் முயற்சியால், 1967இல் 'மார்க் 4' என்னும் கோப்பு மேலாண்மை, அறிக்கை மென்பொருளை 30,000 டாலர் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிரலுக்கு எவராவது தனியே காசு கொடுப்பாரா என்று பலரும் ஐயுற்ற காலம். ஆயினும், பத்து லட்சம் டாலர் விற்பனையைத் தாண்டிய முதல் மென்பொருள் என்று வரலாற்றாசிரியர் அதையே சுட்டுகின்றனர். 1969 சனவரியில் அமெரிக்க அரசு ஐபிஎம் மீது முற்றுரிமைத் தடுப்பு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு சூன் 23ஆம் நாள், மென்பொருளையும் சேவைகளையும் இயந்திரத்திலிருந்து பிரித்து விலையிடுவதாக ஐபிஎம் அறிவித்தது. மென்பொருளுக்கு விலை பிறந்த பிறகுதான் 'இலவசம்' என்ற சொல்லுக்கும் பொருள் பிறந்தது. விலையில்லாத காலத்தில் இலவசம் என்று ஒன்று இருக்க முடியாதல்லவா?

*

அடுத்த திருப்பம் 1982. வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்த ஐபிஎம் ஊழியர் ஜிம் நாஃப், தாம் சார்ந்த தேவாலயத்தின் முகவரிப் பட்டியலை அச்சிடுவதற்காக ஒரு சிறிய தரவுத்தள மென்பொருளை எழுதியிருந்தார். நண்பர்கள் கேட்டனர், கொடுத்தார். அவர்களின் நண்பர்களும் கேட்டனர். தபால் செலவு கட்டுப்படியாகாத நிலையில், 'படியெடுத்துப் பகிருங்கள், பயன்பட்டால் சிறு தொகை அனுப்புங்கள்' என்று ஒரு வேண்டுகோளை மென்பொருளுக்குள்ளேயே எழுதிவைத்தார். 'பிசி-ஃபைல்' எனப் பெயர்பெற்ற அது, அதே காலத்தில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் வெளியிட்ட 'பிசி-டாக்' உடன் சேர்ந்து, பின்னாளில் 'ஷேர்வேர்' எனப்பட்ட முறைக்கு முன்னோடியாயிற்று. தொகைகள் வந்து குவிந்தன. 1984இல் நாஃப் தம் வேலையை விட்டு முழுநேரமும் இதில் இறங்கினார்.

இங்கே முழு மென்பொருளும் கையில் கொடுக்கப்பட்டது. வரம்பு ஒன்றே ஒன்று. அது பெறுவோரின் மனசாட்சி. ஆனால் மனசாட்சியை மட்டும் நம்பிக் கடைநடத்த எல்லோராலும் இயலவில்லை. பின்வந்தோர் சிலர் திறக்கும்போதெல்லாம் நினைவூட்டும் பலகையை வைத்தனர்; சிலர் முப்பது நாளில் நின்றுபோகும்படி செய்தனர்; சிலர் அச்சிடுவதையும் சேமிப்பதையும் பூட்டினர். முடமாக்கப்பட்ட மென்பொருள் என்று பயனர்கள் கசப்புடன் அதற்குப் பெயரிட்டனர்.

பூட்டு ஏன் பெரும்பாலும் வெளியீட்டின் மீதே விழுகிறது? தரவை உள்ளிடுபவர் எழுத்தர். அறிக்கையைப் படிப்பவர் மேலாளர். காசுப் பையின் முடிச்சு மேலாளரிடம் இருக்கிறது. எனவே உள்ளே வருவதற்கு வாயிலை அகலத் திறந்துவைத்து, வெளியேறும் வழியைக் குறுக்குவதே வணிகர்க்கு இலாபம். எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகள் தடையின்றித் தரவு ஏற்றப்பட்டதும், கடைசி நாளில் ஒரே ஒரு தாள் மறுக்கப்பட்டதும் தற்செயலன்று.

*

மூன்றாவது வகை இலவசம், வேறொன்றின் மடியில் வந்தது. கனடாவின் வான்கூவரில் டெர்ரி கன்னிங்ஹாம் 1984இல் தொடங்கிய கிரிஸ்டல் சர்வீசஸ், 'அக்பேக்' என்னும் கணக்கியல் மென்பொருளுக்குத் துணையான ஓர் அறிக்கைக் கருவியில் தொடங்கி, பின்னர் 'கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்' என்னும் புகழ்பெற்ற மென்பொருளை உருவாக்கியது. 1993இல் மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் பேசிக் 3 தொழில்முறைப் பதிப்பில் அதையும் சேர்த்து வழங்கியது. உலகெங்கும் நிரலர்கள் அதன் வழியாகவே அறிக்கை வடிக்கக் கற்றனர். ஆனால் 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6இன் குறுந்தகட்டில் இருந்தது 4.6 என்னும் பழைய பதிப்பு; கடையில் அதனினும் புதிய பதிப்புகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. இங்கே வரம்பு என்பது காலம். பழையது இலவசம், புதியது விலைக்கு.

அந்த மென்பொருளின் பிற்காலக் கதையும் அறியத்தக்கது. 1994இல் சீகேட் நிறுவனம் கிரிஸ்டலை வாங்கியது. 2003இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் வாங்கியது. அந்நிறுவனத்தை எஸ்ஏபி வாங்கும் பணி 2007இல் தொடங்கி 2008இல் முடிந்தது. 2010இன் விஷுவல் ஸ்டுடியோவில் அது உடன்வரவில்லை. எஸ்ஏபியின் தளத்திலிருந்து தனியே இறக்கிக்கொள்ள நேர்ந்தது. மடியிலிருந்து இறக்கிவிடப்படுவதும் இத்தகைய இலவசத்தின் இயல்பே.

*

2004 முதல் 2006 வரையிலான மூன்றாண்டுகளை எண்களின் காலம் எனலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் முதலிய கட்டற்ற தரவுத்தளங்கள் பரவிவந்த நெருக்கடியில், பெருநிறுவனங்கள் தாமும் இலவசப் பதிப்புகளை வெளியிட்டன. ஆரக்கிளின் எக்ஸ்இ 4 ஜிகாபைட் தரவு, 1 ஜிகாபைட் நினைவகம், ஒரு செயலி என்று வரையறுத்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2005 எக்ஸ்பிரசும் அவ்வாறே 4 ஜிகாபைட், 1 ஜிகாபைட், ஒரு செயலி. ஐபிஎம்மின் டிபி2 எக்ஸ்பிரஸ்-சி தரவின் அளவுக்கு வரம்பு வைக்காமல், செயலிக்கும் நினைவகத்துக்கும் மட்டும் வேலியிட்டது.

அதற்கு முன்பு மைக்ரோசாஃப்ட் வழங்கிய எம்எஸ்டிஇ 2000இல் வரம்பு 2 ஜிகாபைட். அதோடு எட்டுக்கு மேற்பட்ட பணிகள் ஒரே நேரத்தில் வந்தால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும் ஓர் 'ஆளுநர்' உள்ளே அமர்ந்திருந்தார். ஓடக்கூடிய குதிரையின் காலில் கட்டிய கயிறு அது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் அந்த ஆளுநரை நீக்கியது நல்ல முன்னேற்றமே.

அறிக்கைகளுக்கான 'ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்' 2004 சனவரியில் எஸ்க்யூஎல் சர்வர் 2000க்குத் துணையாக வெளிவந்தது. 2006இல் எக்ஸ்பிரசின் மேம்பட்ட சேவைகள் கொண்ட பதிப்பிலும் அது இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதே கணினியிலுள்ள தரவுத்தளத்தை மட்டுமே அது படிக்கும். வேறு கணினியில் உள்ளதை எட்டிப்பார்க்காது. குறித்த நேரத்தில் அறிக்கையைத் தானே தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் அதில் இல்லை. ஒரே அறைக்குள் இயங்கும் சிறுகடைக்கு இது போதும். இரண்டாவது கிளை திறந்தவுடன் காசு கேட்கும். வளர்ச்சியின் எந்தப் படியில் ஒருவன் பணம் கொடுக்கக்கூடியவன் ஆகிறான் என்று விற்பவர் போட்ட கணக்கை இந்த வரம்புகளில் தெளிவாகப் படிக்கலாம்.

*

கட்டற்ற மென்பொருள் இயக்கம் வேறு விடை சொன்னது. ருமேனியரான தியோடர் டாஞ்சூ 2001இல் 'ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ்' திட்டத்தைத் தொடங்கி, மூலநிரலையே திறந்துவைத்தார். 2004இல் ஆக்சுவேட் நிறுவனத்தின் முன்முயற்சியால் எக்லிப்ஸ் அமைப்பில் 'பெர்ட்' திட்டம் தொடங்கி, 2005இல் முதற்பதிப்பைக் கண்டது. இவற்றில் பக்கத்தின் குறுக்கே சோதனை முத்திரை விழாது. தரவின் அளவுக்கு வேலியும் இல்லை.

அப்படியானால் டாஞ்சூ போன்றோர் எதைக்கொண்டு வாழ்வது? இங்கேதான் இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்தி வருகிறது. தொடக்க ஆண்டுகளில் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் மென்பொருள் இலவசம். அதை விளக்கும் முழுமையான வழிகாட்டி நூலுக்கு விலை. மூலம் இலவசம், உரைக்குக் காசு! உரையில்லாமல் சங்கப் பாடலுக்குள் நுழைய முயன்ற எவர்க்கும் இந்த விலையின் நியாயம் விளங்கும். மறைத்துவைத்து விற்பதற்கும், கற்பித்துப் பொருளீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பின்னர் நிறுவனங்கள் பெருகியபோது, கருவி இலவசம், அனுமதிக் கட்டுப்பாடு முதலிய பெருநிறுவன வசதிகளுக்கு விலை என்று இம்முறையும் மாறியது.

*

அண்மைக் காலத்தில் எண்களின் வேலி தளர்ந்துள்ளது. ஆரக்கிள் 4 ஜிகாபைட்டை 2011இல் 11 ஆகவும், 2018இல் 12 ஆகவும் உயர்த்தியது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2010இல் 10 ஜிகாபைட் ஆயிற்று. பதினைந்தாண்டுகள் அங்கேயே நின்று, 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் 50க்குத் தாவியது. அதே பதிப்போடு ரிப்போர்ட்டிங் சர்வீசசின் தனிவாழ்வு முடிந்து, அதன் இடத்தைப் பவர் பிஐ அறிக்கை வழங்கி எடுத்துக்கொண்டது.

ஆனால் வேலி மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2015இல் வெளியான பவர் பிஐ டெஸ்க்டாப்பை எவரும் இலவசமாக இறக்கி, அழகிய அறிக்கைகளை உருவாக்கலாம். அதன் இணையச் சேவை வழியே உடன்பணியாற்றுவோருடன் அவற்றைப் பகிரவோ பொதுவாக உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டும். 2010இல் வந்த டேப்ளோ பப்ளிக் இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் அதில் உருவாக்கியதைத் தம் கணினியில் சேமிக்கவே வழியில்லை. எல்லோரும் காணும் பொதுத்தளத்தில்தான் ஏற்றவேண்டியிருந்தது. ஒன்று, எழுதிக்கொள், ஆனால் நண்பருக்குக் காட்டாதே என்கிறது. மற்றொன்று, எழுது, ஆனால் நடுத்தெருவில் நின்று வாசி என்கிறது. எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய வெளிதான் இன்று விலைபோகிறது. சிறுபத்திரிகை நடத்தியவர்கள் இதை நன்கு அறிவார்கள். கவிதை எழுதக் காசு தேவையில்லை; அதை வாசகனிடம் கொண்டுசேர்க்கத்தான் எல்லாச் செலவும்.

*

மென்பொருள் செய்வோர் உண்டு வாழவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. வரம்பு வைப்பது அவர்கள் உரிமை. ஆனால் தரவு நம்முடையது. தட்டச்சு செய்த விரல்கள் நம் அலுவலகத்தாருடையவை. அறிக்கை என்பது, சிதறிக்கிடக்கும் தரவு தொகுக்கப்பெற்றுப் பேசத்தொடங்கும் இடம். அதற்கு மறுப்பு வரும்போது, நாம் சேர்த்தது நம்மிடமே பேச மறுக்கிறது. ஆதலால் இலவசப் பதிப்பை ஏற்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே போட்டதை எளிய வடிவில் வெளியே எடுக்க முடியுமா? வரம்பு எந்த இடத்தில் இருக்கிறது? அந்த வரம்பை எட்டும் நாளில் என்ன நடக்கும்?

மாட்டின் பல்லைப் பார்ப்பது குறைகூறுவதற்கன்று, வயதை அறிவதற்கு. நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாளை அதை ஏரில் பூட்டப்போகிறவன் பல்லைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. இதை அன்று மாலையே நாங்கள் அறிந்திருந்தால், அந்த அலுவலக உதவியாளர் இரவில் வீடு சென்று உறங்கியிருப்பார்.