அறிவிப்பாளர் வரிசையில் விடுபட்ட பெயர்

1944 நவம்பர் 29. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாரித்திருந்த 15 மாதக் குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளாலாக் அறுவைச் சிகிச்சை செய்தார். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து, நுரையீரலுக்குக் கூடுதல் குருதி செல்ல வழிசெய்தார். இவ்வெண்ணத்தை விதைத்தவர் குழந்தை இதயநோய் மருத்துவர் ஹெலன் டாசிக். நாய்களிடம் பலமுறை செய்து பார்த்து அம்முறையைச் செம்மைப்படுத்தியவரோ, அன்று பிளாலாக்கின் பின்னால் முக்காலிமீது நின்று வழி சொன்ன விவியன் தாமஸ். கல்லூரிக் கனவைப் பணமின்றிக் கைவிட்ட கறுப்பினத்தவர் அவர்.

அக்குழந்தை சில மாதங்களில் மறைந்தது. எனினும் பிற குழந்தைகளுக்கு வழி திறந்துவிட்டது.

1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களாகப் பிளாலாக், டாசிக் இருவரே குறிக்கப்பட்டனர். ஹதீஸ் கலையிலோ, அறிவிப்பாளர் ஒருவர் விடுபட்டாலே அத்தொடரைப் பலவீனமானது என்கிறோம். தாமஸுக்கு அப்பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976இல். அதுவும் மருத்துவத்துக்கு அன்று, சட்டத்துக்கு.